அடைக்கலக் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியாரின் இடத் திருக்கரத்தில் நாள்தோறும் ஒரு புதுக் கிளி எழுந்தருளுகிறது. மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகுமாக அன்றன்றைக்குப் புனையப்படுவது அது. சுகப் பிரம்ம ரிஷியே அவ்வடிவில் அமர்ந்திருப்பதாகப் பெரியோர் கூறுவர். சேவிப்போர் பலரும் அதன் அழகில் ஈடுபட்டு நிற்பர். அக்கிளி கூண்டில் இல்லை, கையில் இருக்கிறது என்பதை நினைப்போர் சிலரே.

நாச்சியார் திருமொழியில் கூண்டுக் கிளியும் உண்டே என்று வினவலாம். உண்டுதான். எப்போதும் கோவிந்தனை அழைக்கும் கிளி அது. உணவு கொடாது ஒறுத்தாலும் உலகளந்தவனைக் கூவும். ஆயினும் அப்பாசுரத்தை அருளியவள், தன்னை இல்லத்தினின்று துவாரகைக்குக் கொண்டுபோய் விடுமாறு உறவினரை மன்றாடும் நிலையில் இருக்கிறாள். கூண்டின் துயரம் அறியாதவள் அல்லள். கிளி வளர்ப்பதற்குப் பிரமாணமாக அதைக் காட்டுவோர் பாசுரத்தின் பாதியையே படித்தவர் ஆவர்.

நாட்டின் சட்டமும் இன்று அதற்கு இடம் தருவதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைக் காக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், எங்கும் காணும் செந்தார்ப் பைங்கிளியும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் சென்னையில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வைத்திருந்த திரைப்பட நடிகர் ஒருவருக்கு வனத்துறை 2.5 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கிளிகள் கிண்டிச் சிறுவர் பூங்காவுக்குச் சென்றன. பொதட்டூர்பேட்டை போன்ற நெசவூரில், தறிக்கூடத்து வாசலில் சிறகொடிந்த கிளி ஒன்று விழுந்து கிடந்தாலும், எடுத்து நீரூட்டி நிழலில் வைப்பவர் அதனை வனத்துறையிடம் சேர்க்கவே கடமைப்பட்டவர். சாம்பல் கிளி போன்ற அயல்நாட்டுப் பறவைகளின் நிலை வேறு. அவற்றை உரிய பதிவோடு வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் சலித்துக் கைவிட்டதை வேறொருவர் ஏற்பதும் உண்டு. நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிரைச் சலிப்புக்கு உட்பட்ட மனிதர் வாங்குவதே வியப்புக்குரியது.

சரணாகதியின் அங்கங்களுள் மகாவிசுவாசம் ஒன்று. அதைக் கொள்ள வேண்டியவன் சரணடைபவன். கிளியின் விஷயத்திலோ முறை தலைகீழாகிறது. மீட்கப்பட்ட பறவை எவரையும் சரணடையவில்லை. அதனைக் கொண்டுவந்து விட்டனர். ஆகவே விசுவாசத்தை ஈட்டும் பாரம் காப்பவன் தலைமேலதாகிறது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவது போலக் கிளியைக் கவர்ந்து காக்க முடியாது. பிடித்த கையைக் கிளி நெடுநாள் மறவாது. இரையாகும் உயிர்களைப் போல அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. நேர்முகமாக உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் உயிரின் பார்வை. அறிந்தவர் சற்று விலகி, பக்கவாட்டில் அமர்வர். நாள்தோறும் அதே நேரத்தில் வருவர். கொய்யாத் துண்டை வைத்துவிட்டு நகர்வர். கிளி பின்வாங்கினால் அவரும் பின்வாங்குவர். தன் மறுப்பு மதிக்கப்படுகிறது என்று கண்ட பின்னரே அது ஓரடி முன்வைக்கிறது. கடித்தல் அதன் கடைசிச் சொல். அதற்கு முன் உடலை விறைத்தும் கழுத்தைச் சுருக்கியும் அது சொன்னவற்றைக் கேளாதவரே பெரும்பாலும் கடிபடுவர். இதற்கு மாதங்கள் ஆகலாம். விரைவுபடுத்தும் வழி எதுவும் இல்லை.

இனித்தான் கடினமான வினா எழுகிறது. வெட்டப்பட்ட சிறகு, இறகு உதிர்ந்து முளைக்கும் பருவத்தில் மீண்டும் வளரும். அந்நாட்டுக் கிளி ஒருநாள் பறக்கும். மனிதரை நம்பப் பழகிவிட்ட கிளியோ கண்ணி வைப்பவனையும் நம்பும். ஆதலின் அதற்கு மருந்தும் உணவும் கொடுக்கும் அளவு நம்பிக்கை போதும். அதற்கு மேல் வேண்டா. பெயர் சொல்லி அழைக்காமலும், பேசக் கற்பிக்காமலும், தோளில் அமர்த்தாமலும் இருப்பதே அங்கே அன்பு. பயனற்ற அன்பு போலத் தோன்றும் இதனைக் காட்டிலும், கொஞ்சி வளர்ப்பது எவ்வளவோ எளிது! சிறகு இனி முளைக்காத பறவைக்கும், திரும்பக் காடில்லாத அயல்நாட்டுப் பறவைக்கும் நிலை இதற்கு நேர்மாறு. அவற்றிற்கு நம்பத்தக்க மனிதர் ஒருவரே மரமும் கூட்டமும். அங்கே நம்பிக்கையைப் பாதியில் விடுவது இரண்டாம் முறை சிறகை அறுப்பதாகும். யாருக்காக இந்த நம்பிக்கை ஈட்டப்படுகிறது என்று முதல் நாளே தன்னைக் கேட்டுக்கொள்ளாதவர், முன்னதைக் கெடுத்தோ பின்னதைக் கைவிட்டோ முடிப்பர்.

சென்னை இராயப்பேட்டையில் பழைய ஒளிப்படக் கருவிகளைப் பழுது பார்த்துவந்த சேகர் என்பவர், வாடகை வீட்டு மாடியில் பலகைகள் பரப்பி, ஊறவைத்த அரிசியைப் பல ஆண்டுகள் நாள்தோறும் இட்டுவந்தார். ஆயிரக்கணக்கான கிளிகள் வந்தன. ஒன்றையும் அவர் பிடிக்கவில்லை. தின்று முடித்ததும் அவை இருட்டுமுன் தத்தம் மரங்களுக்குப் பறந்தன; அவர் பலகைகளைக் கழுவி, மறுநாளைக்கு அரிசியை ஊறப் போட்டார்.