எந்த வருஷத்து வண்டி?

பழைய கார் வாங்கப் போகிறவரிடம், "எந்த வருஷத்து வண்டி வேண்டும்?" என்று கேட்டால், கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கக் கூடியவற்றில் மிகப் புதியது எதுவோ அதையே அவர் சொல்வார். அதுதான் உலக வழக்கம். ஆனால் பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, பிரித்து, மறுபடியும் கட்ட நினைப்பவனுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அவன் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். ஒரே பெயர் கொண்ட வண்டியில் எந்த வருஷம் எதைச் சேர்த்தார்கள், அதனால் எடை எவ்வளவு கூடிற்று என்று கணக்குப் பார்க்கிறான்.

இது பட்டறைக்காரர்களுடைய விவகாரம், கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சற்று நின்று யோசித்தால், இந்தக் கணக்குக்குள் ஓர் அறக்கேள்வியும் ஒளிந்திருப்பது தெரியும்.

நமக்கெல்லாம் பழக்கமான மாருதி 800ஐயே எடுத்துக் கொள்வோம். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்தது. தொடக்கத்தில் வந்தவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டிச் செய்தவை. 1986இல் வண்டியின் உடல் மாறியது. சற்றுப் பெரிதாயிற்று, எடையும் கூடிற்று. ஆனால் 796 சி.சி. கொண்ட அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் அப்படியே தொடர்ந்தது. 1994இல் முன் இருக்கைகளுக்கு பெல்ட் இருந்தே தீர வேண்டும் என்றார்கள். 1995இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி கட்டாயமாயிற்று. 2000இல் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாடு இறுகியது. கார்புரேட்டர் மெல்ல மெல்ல விடைபெற்றது. 2014 ஜனவரியில் அந்த வண்டியைச் செய்வதே நின்று போயிற்று. அதற்குள் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் விற்றாகிவிட்டது.

இவற்றில் பின்னால் வந்து சேர்ந்தது ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நலனுக்காக வந்தது. பெரிய உடல், பின் இருக்கையில் முழங்காலை மடக்கிக் கொண்டு உட்கார்ந்த மாமியாருக்காக. பெல்ட், உள்ளே இருப்பவரின் உயிருக்காக. புகைக் கருவி, காரே இல்லாமல் தெருவோடு நடந்து போகிறவருக்காக. பந்தயத்துக்கு வண்டி கட்டுகிறவன் இந்த நலன்களையெல்லாம் கழற்றி வைக்கிறான். இருக்கை, கம்பளம், கதவின் உட்புறத் துணி எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன.

இது சுயநலம் என்று எனக்குத் தோன்றவில்லை. தளத்தில் எதிரே மாட்டு வண்டி வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே ஓட மாட்டார்கள். அங்கே அவன் ஈடு வைப்பது தன் உயிரை. கழற்றிய பாதுகாப்புக்குப் பதிலாக, இரும்புக் குழாய்களை வளைத்து ரோல் கேஜ் என்னும் கூண்டு ஒன்றைத் தன்னைச் சுற்றிக் கட்டிக் கொள்கிறான். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் பெல்ட், தலைக்கவசம், தீயணைப்பான் எல்லாம் வந்துவிடுகின்றன. பிறர் நலனுக்காக ஏற்றியதை, பிறர் இல்லாத இடத்தில் இறக்கி வைக்கிறான். இதுவரை குற்றம் இல்லை. குற்றம் இருக்குமானால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பித்து புதிதன்று. சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் வருஷக் கணக்காகப் பந்தயங்கள் நடந்தன. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதி இல்லாதவர்கள் பியட்டையும் ஹெரால்டையும் டால்பினையும் இலேசாக்கி ஓட்டினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தளம் வந்தது. பிறகு கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் தளம் ஒன்று, கரிவரதனின் பெயரைத் தாங்கி எழுந்தது. சாதாரண மாருதியின் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை 1988இல் ஓட வைத்தவர் அவர்.

மதுரையில் புதூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் மகனுக்கும் இந்தப் பித்து உண்டு. கோவைத் தளத்தில் ஓட்ட ஒரு 800 கட்ட வேண்டும் என்று இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்று 1997ஆம் வருஷத்தது. பின்புறம் லாரி இடித்து நசுங்கி, பழைய இரும்புக் கடைக்குப் போகக் காத்திருந்தது. மற்றது 1985ஆம் வருஷத்தது. திருமங்கலத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் முதல் நாளிலிருந்து வைத்திருப்பது. பெயிண்டில் கீறல் கிடையாது. கண் பார்வை மங்கிவிட்டதால் விற்க முன்வந்திருந்தார். அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "ஓட்டத்தானே வாங்குகிறீர்கள் தம்பி? பிரித்து விற்க இல்லையே?"

"நான் பிரித்து விற்கப் போவதில்லை, மாமா. ஓட்டத்தான் போகிறேன். ஆகவே, ஆமாம் என்று சொன்னால் அது பொய் இல்லையே?" என்று என்னிடம் கேட்டான் பையன்.

பொய் இல்லைதான். ஆனால் ஆசிரியர் கேட்ட 'ஓட்ட' என்ற சொல்லும், இவன் சொல்லப் போகும் 'ஓட்ட' என்ற சொல்லும் ஒன்றல்ல. தரையைத் துளைத்துக் கூண்டை வெல்டிங் செய்துவிட்ட பிறகு, அந்த வண்டி மறுபடி குடும்ப வண்டி ஆகாது. மேலூர்ப் பக்கம் பந்தயத்துக்கு மாடு பிடிக்கிறவரும் இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று வாயைத் திறந்து வயதைப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஆனால் பந்தயத்தில் தோற்ற மாட்டை மறுநாள் பார வண்டியில் பூட்டலாம். அறுத்த காரில் அப்படித் திரும்பி வரும் வழி இல்லை.

பையனின் கட்சியிலும் நியாயம் உண்டு. கார் என்பது ஓடுவதற்காகச் செய்தது. தார்ப்பாய் போர்த்திக் கொட்டகையில் வைத்துக் கும்பிடுவதற்கு அது உற்சவ மூர்த்தி அல்ல. கரிவரதன் மாருதி எஞ்சினைக் கழற்றி வேறொன்றில் வைத்தபோது யாரும் அதைப் பாவம் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. உடைக்காமல் எதையும் ஆக்க முடியாது என்பது பட்டறையில் மட்டுமல்ல, எழுதுகிற மேஜையிலும் உண்மைதான்.

ஆனால் உடைப்பதிலும் இரண்டு விதம் உண்டு. அதற்குச் சாட்சி தேடி நாம் மதுரையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். போர்க்காலம் முடிந்து, வேலை ஓய்ந்து போன சுவர் அது. அது போன இடத்தில் வெளி வீதிகள் வந்தன. மூச்சுத் திணறிய ஊர் காலை நீட்டிக் கொண்டது. அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மஹாலை அவருடைய பேரர் சொக்கநாத நாயக்கர் பெயர்த்தார். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியவருக்கு அங்கே ஓர் அரண்மனை வேண்டியிருந்தது. பெயர்த்த மஹால் திருச்சியில் மறுபடி மஹாலாக எழுந்து நிற்கவில்லை. மதுரையில் மிஞ்சியது நாலில் ஒரு பங்குதான். அதைப் பார்த்துத்தான் இன்று நாம் வாய் பிளக்கிறோம். சுவரை இடித்தவர்கள் முடிந்து போன ஒன்றை முடித்து வைத்தார்கள். மஹாலைப் பெயர்த்தவர் முடியாத ஒன்றை முடித்தார். இரண்டும் பயனைக் கருதிச் செய்தவைதாம். பயன் மட்டுமே அளவுகோல் என்றால் இந்த வேறுபாட்டை நம்மால் சொல்லவே முடியாது.

அந்தப் பயன்தான் எவ்வளவு? அமெரிக்காவில் மாஸ்டா மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வைத்து இதே தர்க்கம் நடக்கிறது. 1990 முதல் 1993 வரை வந்தது 1600 சி.சி.; இலேசு. 1994இல் வந்தது 1800 சி.சி.; பலமும் எடையும் கூட. எதைக் கட்டுவது? அங்குள்ள ஒரு பந்தயப் பிரிவில் 1990 முதல் 2005 வரையிலான வண்டிகளைச் சேர்ந்தே ஓட விடுகிறார்கள். பலம் மிகுந்த வருஷங்கள் அதிக எடையோடு ஓட வேண்டும்; எஞ்சினுக்குப் போகும் காற்றின் வழியையும் சுருக்கிவிடுகிறார்கள். வருஷத்தின் உயர்வு தாழ்வு ஓர் எடைக்கல்லில் சமன் ஆகிவிடுகிறது. பிறகு மிஞ்சுவது ஓட்டுகிறவனின் கையும் கண்ணும்தான்.

இதையெல்லாம் பையனிடம் நான் பிரசங்கம் செய்யவில்லை. "ஆசிரியரிடம் போய், அறுக்கப் போகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாங்கு" என்று மட்டும் சொன்னேன். முனகிக் கொண்டே போனான், சொல்லியும்விட்டான். ஆசிரியர் வெகு நேரம் பேசவில்லையாம். பிறகு, "விற்ற பிறகு அது உங்கள் சொத்து. கேட்காமல் செய்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கேட்டுவிட்டீர்கள், ஆகவே சொல்கிறேன், வேண்டாம்" என்றாராம்.

1997ஆம் வருஷத்து வண்டிதான் இப்போது பட்டறையில் கூண்டோடு நிற்கிறது. பழைய இரும்பாகப் போக இருந்தது பந்தயக் காராகப் போகிறது. அவனுக்கு மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. "ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியாவது போய்விடும், மாமா" என்கிறான். போகலாம். நான் மறுக்கவில்லை. நல்லது செய்தால் நஷ்டமே வராது என்று சொல்கிறவர்கள் நல்லதை மலிவாக விற்கிறார்கள்.

சொத்து என்பது ஒரு பொருளின் மேல் நமக்குள்ள உரிமை. அறுக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்று சட்டம் சொல்லும். அந்த உரிமையைப் பயன்படுத்துமுன், அதுவரை அந்தப் பொருளைக் காத்து வந்தவரின் முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொல்ல முடியுமா என்று ஒரு தரம் கேட்டுக் கொள்வது நல்லது. காருக்கு மட்டும் இல்லை. பூர்வீக வீட்டுக்கும், வயலுக்கும், தெருமுனை ஆலமரத்துக்கும் இது பொருந்தும். சொல்ல முடிந்தால் அறுக்கலாம். சொல்ல நா எழவில்லை என்றால், அந்த வருஷத்து வண்டி நமக்கு ஏற்றதல்ல.