துணையும் புகலும்

மூன்றாண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் உறுதி செய்தனர். செய்தி அறிந்து உறவினர் பலர் வந்து சென்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர், "எல்லாம் முன்செய்த வினையம்மா, அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்று கூறி எழுந்தார். அவர் தீய எண்ணத்தோடு கூறினாரல்லர். நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சொல்லே அது. ஆயினும் அன்று பொழுது சாயுமுன் வைத்த உணவைத் தமக்கையார் தொடவில்லை. "வினையை யாரால் வெல்ல முடியும், தம்பி? இந்த வைத்தியமெல்லாம் எதற்கு?" என்று கேட்டார்.

அவ்வினா அவருடையது மட்டுமன்று. நோய் வினைப்பயன் எனில் நம்பிக்கைக்கு இடமுண்டோ? ஒருவர் வினையை மற்றொருவர் பங்கிட இயலாதெனில் சுற்றத்தாரின் துணையால் ஆவதென்ன? அருகனடி தொழும் நாம் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய வினாக்கள் இவை.

துன்பத்தை நுகரச் செய்வது அசாதா வேதனீயம் என்பது நம் கொள்கை. ஆனால் நம் ஆன்றோர் வினையை அசைக்கவொண்ணாத தலைவிதியாகக் கூறினாரல்லர். கட்டுண்ட வினையின் காலமும் வன்மையும் குறைதல் உண்டு, கூடுதலும் உண்டு. அசாதா சாதாவாக மாறுதலும் உண்டு. அது பயன் தருவதும் இடம், காலம், சார்ந்த பொருள், மனநிலை ஆகியவற்றைப் பற்றியே நிகழும். மருந்தும் மருத்துவரும் அத்தகைய புறக்காரணங்களே. வினை சிறிதும் மாறாதெனின் செறிப்பும் உதிர்ப்பும் பொருளற்றுப் போகும், வீடுபேறும் வெறுஞ்சொல்லாகும். நுகர்ந்தே தீர வேண்டிய வன்கட்டு வினைகளும் சில உண்டு என்பது மெய்யே. ஆயின் எவருடைய எவ்வினை அத்தகையது என்று அறிய முற்றறிவு வேண்டும். அது நம்மிடம் இல்லை. அறியாத ஒன்றை அறிந்தவர்போல் நோயாளியின் முன் உரைப்பது எங்ஙனம் தகும்?

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்று உண்டு. தன்னிடத்தோ பிறரிடத்தோ துயரையும் அழுகையையும் விளைவித்தல் அசாதா வேதனீயம் கட்டுவதற்குக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. நோயுற்றவரிடம் "உன் வினை" என்று சொல்லி அவரை அழச் செய்பவர், அவருடைய வினையை விளக்குவதாக எண்ணித் தம் வினையைக் கட்டிக்கொள்கிறார். வினைக்கோட்பாடு நம்மை நாமே திருத்திக்கொள்வதற்கு உரியது. பிறர் துன்பத்தை அளப்பதற்கு உரியதன்று.

அறுவை மருத்துவம் முடிந்தது. பின்னர் 21 நாளுக்கு ஒருமுறை மருந்தேற்றத் தொடங்கினர். முடி உதிர்ந்தது; வாய் புண்பட்டது; நீரும் கசந்தது. மூன்றாம் சுற்றுக்குப் பின் ஒருநாள் தமக்கையார், "இனி எனக்கு வேண்டாம். சல்லேகனை ஏற்று அமைதியாக இருந்துவிடுகிறேன்" என்றார். நம் மரபின் உயர்ந்த நோன்பின் பெயரை அவர் சொன்னபோது மறுக்கும் துணிவு எங்களில் எவருக்கும் உடனே பிறக்கவில்லை.

சமந்தபத்திரர் சல்லேகனைக்கு வகுத்த நிபந்தனையை அன்று மீண்டும் எண்ணிப் பார்த்தேன். தீர்வற்ற இடர், தீர்வற்ற வற்கடம், தீர்வற்ற மூப்பு, தீர்வற்ற நோய் ஆகியவற்றிலேதான் அறத்தின் பொருட்டு உடலை விடலாம் என்பது அவர் கருத்து. தீர்வு உள்ளபோது அந்நோன்புக்கு இடமில்லை. மேலும், அந்நோன்பை மேற்கொண்டவர்க்குரிய குற்றங்களுள் வாழ்வை விரும்புதலும் ஒன்று; விரைந்து இறக்க விரும்புதலும் ஒன்று. தமக்கையாரின் சொல்லில் இருந்தது துறவன்று, களைப்பு. "அக்கா, மருத்துவர் தீர்வில்லை என்று சொல்லும் நாள் வருமாயின் நானே உங்களை முனிவரிடம் அழைத்துச் செல்வேன். இன்று தீர்வு உண்டு என்கிறார்களே" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்து, "சரி, அடுத்த சுற்றுக்குப் போவோம்" என்றார்.

நம்பிக்கை என்பது யாது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. "நான் கட்டாயம் பிழைப்பேன்" என்று உறுதி கொள்வது அன்று. அது வாழ்வின்மேல் கொண்ட ஆசை. "என்னால் ஆவது ஒன்றுமில்லை" என்பதோ நோயையே நினைந்து உழலும் ஆர்த்தத் தியானம். இவ்விரண்டிற்கும் நடுவே, பயன் இன்னதென்று தெரியாத நிலையிலும் இன்று செய்யத்தக்கதைச் சமநிலையோடு செய்வதே நம்பிக்கை.

இனித் துணையைப் பற்றிய வினா. பன்னிரு சிந்தனைகளுள் புகலின்மையும் ஒன்று. கணவரும் மக்களும் செல்வமும் உயிருக்குப் புகலாகார் என்று நாம் நாள்தோறும் சிந்திக்கிறோம். அது மெய்யே, தமக்கையாரின் கைந்நரம்பில் ஊசி ஏறியபோது அவ்வலியில் ஓர் அணுவையும் எங்களால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஆனால் புகல் வேறு, துணை வேறு. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் செயல் என்று கூறுவதும் அதே தத்துவார்த்த சூத்திரந்தான். தர்மாஸ்திகாயத்திற்கு நம் நூல்கள் காட்டும் உவமை இங்குப் பொருந்தும். நீர் மீனைத் தள்ளுவதில்லை, இழுப்பதுமில்லை. ஆயினும் நீரின்றி மீன் நீந்தாது. நோயுற்றவர்க்குச் சுற்றத்தார் அந்நீர்போல் இருத்தல் வேண்டும்.

எங்கள் இல்லத்தில் அது சிறு சிறு செயல்களாகவே அமைந்தது. மருந்தேற்றிய சில நாள்களில் வெள்ளணுக்கள் குறையும். அப்போது தொற்று எளிதில் பற்றும். வடிகட்டிக் காய்ச்சிய நீரும் அவ்வப்போது சமைத்த உணவும் நமக்குப் பழைய ஒழுக்கம்; மருத்துவரும் அதனையே வேண்டினர். சளி, காய்ச்சல் உள்ளோரை வாயிலிலேயே வணங்கி அனுப்பினோம். ஒருவேளைக்குரிய உணவைப் பகலிலேயே நான்காகப் பகிர்ந்து மருமகள் ஊட்டினாள். இரவில் விழுங்கியே ஆக வேண்டிய மாத்திரைக்காகத் தமக்கையார் கலங்கியபோது, தியாகமும் தவமும் அவரவர் ஆற்றலுக்கு ஏற்பவே என்று பதினாறு பாவனைகளுள் வைத்திருப்பதை நினைவூட்டினோம்.

அதுவரை வீட்டில் ஒரு குவளையையும் கழுவி அறியாத அத்தான், தமக்கையார் வாந்தியெடுத்தபோதெல்லாம் இரு கையாலும் ஏனத்தை ஏந்தி நின்றார். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மைக்கு உத்தாயண மன்னனை எடுத்துக்காட்டாகக் கூறுவர். நோயுற்ற முனிவராக வந்தவர் கக்கியதை அருவருப்பின்றித் தன் கையால் துடைத்தவன் அவன். அக்கதையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன்; கண்ணால் கண்டது அத்தானிடத்தில்தான்.

நாங்கள் பிழையும் செய்தோம். "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆளுக்கொருவராகச் சொன்னோம். ஒருநாள் தமக்கையார், "அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு என்னோடு வருவீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். பொய்யால் ஊன்றிய கோல் சாய்ந்தால் நோயாளி இருமுறை விழுவார். "வருவேன்" என்ற சொல் சிறியது, ஆனால் மெய்யானது. அதன்பின் அதனையே சொன்னோம்.

துணை நிற்றல் ஒரு வீட்டோடு முடிவதுமன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரிலிருந்து எழுந்த முயற்சி, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. 1955இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நோயாளிகளுக்கே வாழ்ந்தார். ஒரு தங்கையைக் காக்க இயலாத துயர், முகமறியாத பல்லாயிரவர்க்குத் துணையாயிற்று.

மருந்தேற்றமும், வாரத்திற்கு 5 நாளாக நடந்த கதிர்வீச்சும் முடிந்து இரண்டாண்டுகளுக்கு மேலாகின்றன. தமக்கையாருக்கு முடி வளர்ந்துவிட்டது, முன்னிலும் சுருளாக. ஆறு திங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கிறோம். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அது என்னவாக இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. நாளை அவரோடு யார் செல்வார் என்பது மட்டும் தெரியும்.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய ஓர் இல்லம் இருக்கக்கூடும். அங்குச் செல்லும்போது வினையை விளக்க வேண்டா. வாய்ச்சொல் வராவிடில் அமைதியாகச் சிறிதுநேரம் அமர்ந்திருங்கள். முடிந்தால் ஒருவேளை உணவைச் சமைத்துக் கொடுங்கள். அகத்தவங்கள் ஆறனுள் தொண்டும் ஒன்று என்பதை மறவாதிருப்போமாக.