வேதாளை மணல்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "ஏல, எவனோ ஒரு வெள்ளக்காரச் சாமியார் கல்லறையத் தேடியா லீவு போட்டுட்டுப் போற?"

அவளுக்குப் பதில் சொல்லாமல் வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன். தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று மாறி மாறி, உச்சிப்புளி தாண்டி வேதாளையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

நான் தேடிப் போனவர் அந்தோனியோ கிரிமினாலி. இத்தாலியில் பார்மா பக்கத்துக்காரர். பிரான்சிஸ் சவேரியார் இவரை முத்துக்குளித்துறையின் பொறுப்பாளராக வைத்திருந்தார். 1549இல் இந்தக் கடற்கரையில் கொல்லப்பட்டபோது வயது 29. சேசு சபையின் முதல் மறைசாட்சி என்கிறார்கள்.

டீக்கடையில் விசாரித்தேன். "எந்த வருசம் தம்பி மௌத்தானாரு?" என்றார் கடைக்காரர். சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "போன வருசம் போட்ட கொட்டகையே இங்க எடம் மாறிக் கெடக்கு."

ஓரியூருக்குப் போயிருந்தால் இந்தச் சிரமமே இல்லை. 1693இல் அங்கே தலை வெட்டப்பட்ட அருளானந்தர் 1947இல் புனிதரானார். கோயில் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. கிரிமினாலி இன்றுவரை புனிதர் ஆகவில்லை. காரணம் அவர் செத்த விதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்று வேதாளையில் இருந்த போர்ச்சுகீசியத் தளபதி, ராமேஸ்வரம் போகும் பாதையில் பள்ளம் வெட்டி, யாத்திரிகர்களிடம் சுங்கம் பிடுங்கினான். கோபம் படையாகத் திரும்பி வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. என் பாட்டி ராமேஸ்வரம் போனவள். அன்றைக்கு அவ்வழியே போயிருந்தால் அவளும் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். படை வந்ததும் போர்ச்சுகீசியர்கள் கப்பலுக்கு ஓடினார்கள். கிரிமினாலி ஓடவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றிக்கொண்டே கரையில் நின்றார். ஈட்டியால் குத்தினார்கள்.

திருச்சபையின் பழைய கணக்கில், ஒருவர் மறைசாட்சி ஆக வேண்டுமென்றால் கொன்றவன் விசுவாசத்தை வெறுத்துக் கொன்றிருக்க வேண்டும். இங்கே வந்தவர்கள் வெறுத்தது வேதத்தையா, சுங்கத்தையா? ஈட்டி பிடித்தவனின் மனசைப் பார்த்தா, கரையில் நின்றவனின் நன்மையை அளப்பது? 2017இல் போப் பிரான்சிஸ் இன்னொரு வழியைத் திறந்தார்: பிறருக்காகத் தன் உயிரை மனமுவந்து கொடுத்தவரையும் புனிதராகப் பரிசீலிக்கலாம். அங்கே கொன்றவனின் நோக்கம் கேள்வியே இல்லை.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. சவேரியாரும் கிரிமினாலியும் வந்ததே போர்ச்சுகீசியக் கப்பலில்தான். அந்தக் கப்பலின் பலத்தில் ஊழியம் செய்தவர், அந்தக் கப்பல் செய்த அநியாயத்துக்கு முழுக்க வெளியாள் என்று எப்படிச் சொல்ல முடியும்? சொல்ல முடியாது. ஆனால் அவர் அப்படி விலகிக்கொள்ளவும் இல்லை. "பள்ளம் நான் வெட்டலை" என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

நான் அதைச் சொல்லியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், டெஸ்ட் பண்ணாமல் ரிலீஸ் பண்ணுவது என்று மேலே முடிவெடுத்தார்கள். ராத்திரி சிஸ்டம் படுத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பையன் தலையில் பழி விழுந்தது. மீட்டிங்கில் நானும் இருந்தேன். எனக்கு உண்மை தெரியும். முடிவு என்னுடையது இல்லையே என்று மைக்கை மியூட்டிலேயே வைத்திருந்தேன். பேசியிருந்தால் போயிருக்கப்போவது ஒரு இன்க்ரிமெண்ட்.

தப்பு யாருடையது என்பது ஒரு கேள்வி. தப்பு நடந்த பிறகு யார் பக்கத்தில் நிற்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதையும் முடித்துவிட்டதாக நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கல்லறைக்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி வண்ணார்பேட்டையில் இறங்கியதும், அந்தப் பையனின் நம்பரைத் தேடி எடுத்தேன். நான்கு வருசம் கழித்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனாலும் அழைத்தேன்.