பூட்டிய டிக்கியும் பூதவாதியும்

கார் டிக்கி திறக்கவில்லை. கோளாறு பூட்டில் இருக்கலாம். பூட்டோ மூடிக்கு உட்புறம். மூடியைத் திறந்தால்தான் பூட்டைப் பார்க்க முடியும், பூட்டு சரியானால்தான் மூடி திறக்கும். கண்ணுக்கு எட்டாத ஒன்றைப் பற்றி எதை, எந்த அடிப்படையில், உறுதியாகச் சொல்வது? இந்திய மெய்யியல் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கு நின்ற கேள்வி இது.

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டு வரும் மணிமேகலை கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். காட்சியைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்பது அவன் கட்சி. அப்படியானால் உன் தாய் தந்தையரை எதைக் கொண்டு அறிந்தாய், அனுமானத்தால்தானே என்று அவனை மடக்குகிறாள் அவள். அந்தப் பூதவாதியை ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு வைத்தால் முதல் நாளே கடப்பாறையைத் தேடுவான்.

மெக்கானிக் தேடுவது ஒலியை. ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் மூடியில் காதை வைக்கிறார். உள்ளே 'டக்' என்று கேட்டால் மின்சாரம் வருகிறது, மோட்டார் அசைகிறது. சிக்கல் கொக்கியிலோ கம்பியிலோ, அல்லது உள்ளே திணித்த சாமான் மூடியை முட்டிக்கொண்டு நிற்பதிலோ இருக்க வேண்டும். மூடியை ஒருவர் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க மற்றவர் பட்டனை அமுக்கினால் பல நேரம் கொக்கி விட்டுக்கொடுத்துவிடும். காட்டில் பிளிறலைக் கேட்டு யானை உண்டு என்று துணிவதை அதே காதை கருத்தளவைக்கு, அதாவது அனுமானத்துக்கு, எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்ததை அறிவதும் அங்கேயே வருகிறது.

ஒலியே இல்லாவிட்டால்? இங்கேதான் அவசரக்காரர்கள் புது லாக் வாங்கிவிடுகிறார்கள். மோட்டார் செத்திருந்தாலும் சத்தம் வராது. ஃபியூஸ் போயிருந்தாலும், பேட்டரி இறங்கியிருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும் வராது. பல முடிவுகளுக்கு இடம்கொடுக்கும் இப்படிப்பட்ட ஏதுவை, அதாவது காரணத்தை, 29ஆம் காதை அநைகாந்திகம் என்று போலிகளின் வரிசையில் வைக்கிறது. அதைத் தாண்ட இரண்டாவது தடயம் தேவை. மற்ற கதவுகள் ரிமோட்டுக்குத் திறக்கின்றனவா? திறந்தால் பேட்டரிமீதும் ரிமோட்மீதும் பழி இல்லை. பல கார்களில் நம்பர் பிளேட் விளக்கு டிக்கி மூடியிலேயே இருக்கும். அதற்குப் போகும் ஒயரும் பூட்டுக்குப் போகும் ஒயரும் கீல் அருகே ஒரே ரப்பர் குழாய்க்குள் ஓடும். மூடி ஏறி இறங்க ஏறி இறங்க அங்கே ஒயர் மடங்கி, நாளடைவில் அறுந்துபோகும். விளக்கும் எரியவில்லை, பூட்டும் பேசவில்லை என்றால் சந்தேகம் அந்த வளைவின்மீதே விழ வேண்டும். நல்ல மெக்கானிக் அதற்குப் பிறகும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் தர்க்கத்தில் அறியும் வழிகளான அளவைகள் இரண்டுதான்: காட்சி, கருத்து. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியாரோ, பிறர் எத்தனை விரித்தாலும் அளவைகள் மூன்றில் அடங்கும் என்றார். மூன்றாவது, உரை: அறிந்தவர் சொல்.

பின் சீட்டை மடித்து உள்ளே தவழ்ந்து போனால் சில கார்களில் அவசரகாலக் கைப்பிடி ஒன்று கிடைக்கும். அமெரிக்காவில் 1998 கோடையில் கார் டிக்கிகளுக்குள் சிக்கி 11 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு 2001 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் புதிய கார்களில், டிக்கிக்கு உள்ளிருந்தே திறக்கும் கைப்பிடி கட்டாயமானது. ஆனால் நம் கையில் உள்ள காரில் அது உண்டா, உண்டென்றால் எந்த மூடிக்குப் பின்னால் என்பதை எந்த யானைப் பிளிறலும் சொல்லாது. காரைச் செய்தவன் கையேட்டில் சொல்ல வேண்டும். கையேட்டை நம்புவதும் ஒருவகை அனுமானமே, இதுவரை பொய்த்ததில்லை என்பதால்தானே நம்புகிறோம் என்று பௌத்தர் மறுக்கலாம். மறுப்பு கூர்மையானதுதான். நம்பிக்கைக்கு அது காரணம் காட்டுகிறது. கைப்பிடி இருக்கும் இடத்தைக் காட்டவில்லை. டிக்கி விஷயத்தில் அருணந்தியாரின் கணக்கே சரி.

அந்தக் கையேட்டைப் பலர் டிக்கியில்தான் போட்டுவைக்கிறார்கள். உங்களுடையதும் அங்கே கிடந்தால், டிக்கி திறக்கிற இன்றைக்கே எடுத்து டேஷ்போர்டுக்கு மாற்றிவிடுங்கள்.