யாருக்குப் பொங்குவது?

எங்கள் கரிசல் சீமையில் என் வயதுக்காரர்களின் பிறந்த தேதியைக் கேட்டால் தாய்மார்கள் விழிப்பார்கள். “பருத்தி வெடித்துக் கிடந்தது, அப்போதுதான் நீ பிறந்தாய்” என்பாள் ஒருத்தி. “கம்பங்கதிர் அறுத்த மூன்றாம் நாள்” என்பாள் இன்னொருத்தி. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருப்பதோ வாத்தியார் போட்ட தேதி. ஆகவே, ஒருவனுடைய பிறந்தநாள் அவனை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கே சொந்தம் என்ற எண்ணம் எனக்குச் சிறு வயது முதல் உண்டு. அந்த எண்ணம் சரிதானா என்று சோதித்துப் பார்க்கும்படி நேர்ந்தது, சில வருஷங்களுக்கு முன் ஒரு தைப் பொங்கலன்று.

என் அக்காளுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் வீடு. கணவரை இழந்தவள். ஒரே மகன் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மண்ணைப் பற்றி ஆராய்கிறான். மழையில் பொங்கிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலில் வளர்ந்தவனுக்கு மண்ணின் மீது ஆசை உண்டானதில் ஆச்சரியமில்லை. அவன் பிறந்ததும் ஒரு பொங்கலன்றுதான். அதனால் அந்த வீட்டில் பண்டிகையும் பிறந்தநாளும் ஒன்றே.

அந்த வருஷம் பொங்கல்படி கொண்டுபோக எனக்கு ஒரு நாள் தாமதமாகிவிட்டது. கரும்பும் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் சுமந்துகொண்டு பொங்கலன்று காலையிலேதான் போய்ச் சேர்ந்தேன். தெருவெல்லாம் புகை, குலவைச் சத்தம். அக்காள் வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லை. பொங்கல் கட்டிகள் மூலையில் கிடந்தன. பானை கவிழ்த்து வைத்தபடியே இருந்தது.

நான் கேட்பதற்குள் மகனிடமிருந்து தொலைபேசி வந்துவிட்டது. முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி. அக்காள் அவசரமாகச் சுவரோரம் நகர்ந்து, அடுப்பங்கரை தெரியாதபடி உட்கார்ந்துகொண்டாள்.

“பொங்கிருச்சா அம்மா?”

“நல்லாப் பொங்கிச்சு ராசா. கிழக்காமத்தான் பொங்கிச்சு. நீ சாப்பிட்டியா?”

“சாயங்காலம் சிநேகிதர்கள் எல்லாரும் வாராங்கம்மா. பெரிய விருந்து.”

அவன் முகத்தில் சிரிப்பு. அவள் முகத்திலும் சிரிப்பு. பேச்சு முடிந்ததும் அவள் என்னைப் பார்க்காமலே, “பிள்ளை இல்லாத வீட்டில் யாருக்குத் தம்பி பொங்க?” என்றாள்.

ஒரு மாதம் கழித்து மருமகன் என்னோடு பேசினான். பேச்சுவாக்கில் உண்மை வெளியே வந்தது. அன்று அங்கே வேலை நாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரவு வரை ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துவிட்டு, அறைக்குத் திரும்பி ரொட்டியைத் தின்று படுத்திருக்கிறான். அன்று தன் பிறந்தநாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. “தானே போய் எனக்கு இன்று பிறந்தநாள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் மாமா” என்றான்.

இப்போது என் மடியில் இரண்டு பொய்கள். இரண்டும் அன்பினால் பிறந்தவை. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். அந்தச் சலுகையை இவர்களுக்கும் கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால், யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்று கணக்குப் பார்த்தேன். தாய் பட்டினியாக இருந்து மகனை மகிழ்வித்தாள். மகன் ரொட்டி தின்று தாயை மகிழ்வித்தான். ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டில் பண்டிகை நடப்பதாக நம்பினார்கள். உண்மையில் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. வள்ளுவர் கேட்ட நன்மை எங்கே?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கணிதமேதை இராமானுஜனின் நினைவு வரும். 1914 ஏப்ரலில் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. கேம்பிரிட்ஜில் பருவம் முடிந்து மாணவர்கள் வீடு திரும்பிவிடும் காலம் அது. மரக்கறி உணவை விடாத அவர், டிரினிட்டி கல்லூரி அறையில் தாமே சமைத்துச் சாப்பிட்டார். புளிகூட ஊரிலிருந்து தபாலில் வர வேண்டியிருந்தது.

போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு தடவை அவர் நண்பர் ஒருவரையும், அந்த நண்பர் மணக்கவிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்துத் தாமே பரிமாறினார். முதல் தடவை சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை பெண்கள் போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் பார்த்தால் இராமானுஜனைக் காணோம்! வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. சில நாட்கள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து செய்தி வந்தது. தாம் பரிமாறியதை வேண்டாம் என்று சொன்னது அவரை அவ்வளவு புண்படுத்தியிருக்கிறது.

இந்தச் சம்பவத்தைச் சொல்லிப் பலர் சிரிப்பார்கள். மேதையின் கிறுக்கு என்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தனியாகச் சமைத்துத் தனியாக உண்ட ஒரு மனிதன், தன் கையால் பிறருக்குப் போடும் ஒரு நாளுக்காக எவ்வளவு ஏங்கியிருந்தால் இப்படி உடைந்து போயிருப்பான்! தூர தேசத்தில் பண்டிகை அற்றுப்போவது பண்டம் கிடைக்காததால் அன்று. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இப்போது கடல் கடந்தும் போகிறது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஒருவருக்குப் போடவும், அவர் வாங்கிக்கொள்ளவும் வாய்ப்பில்லாமல் போவதால்தான் பண்டிகை அற்றுப்போகிறது.

இராமானுஜன் 1919-இல் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். 2012 முதல் அவருடைய பிறந்தநாளைத் தேசம் முழுவதும் கணித தினமாகக் கொண்டாடுகிறது. கொண்டாட்டம் வந்தது, கொண்டாடப்பட வேண்டியவர்தான் இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைகள் விஷயத்திலாவது நாம் அப்படித் தாமதிக்க வேண்டாம் அல்லவா?

ஆகவே, மருமகனுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். அக்காளிடம் அவனுடைய பொய்யைச் சொன்னேன். அவனிடம் அவளுடைய பொய்யைச் சொன்னேன். வாக்குத் தவறியது தவறுதான். அந்தத் தவறை நான் மறைக்கவில்லை. அவன் பல நாள் என்னோடு பேசவில்லை. அக்காள் அழுதாள். நானும் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

“சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருஷம் பொங்கல் இல்லை என்பார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக நீ அடுப்பை மூடி வைக்கலாமா அக்கா?”

அந்தச் சொல் அவளைத் தைத்துவிட்டது. சற்று நேரம் கழித்து, “அவன் இல்லாமல் எப்படித் தம்பி?” என்றாள்.

அவள் இருக்கும் ஊரையே அவளுக்குக் காட்டினேன். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையையும் 1801-இல் கும்பினிப் படை தரைமட்டமாக்கிற்று. ஊரின் பெயரே ஏடுகளில் இருக்கக் கூடாது என்றார்கள். இன்று நாம் காணும் நினைவுக்கோட்டை 1974-இல் அரசாங்கம் கட்டியது. ஆனால், சித்திரைக் கடைசியில் வீரசக்கதேவி கோவில் திருவிழாவுக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து சனங்கள் சுடர் ஏந்தி வருகிறார்கள். போய்ச் சேர்ந்து இருநூறு வருஷத்துக்கு மேலான மனிதர்களுக்காக விளக்கேற்றத் தெரிந்த ஊர் இது. பக்கத்துத் தேசத்துக்குப் படிக்கப் போனவனுக்காக ஒரு பானை பால் வைக்கத் தெரியாதா?

“பக்கத்துத் தேசமா?” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த தையில் நான் முந்தின நாளே போய்விட்டேன். அக்காள் பொங்கல் வைத்தாள். அவளோடு பருத்திக்காட்டில் வேலை பார்க்கும் நாலு பெண்களும் தெருப்பிள்ளைகளும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். தொலைபேசி வந்தபோது அவள் சுவரோரம் நகரவில்லை. மருமகனும் ஏதோ ஒரு பாத்திரத்தில் பொங்கியிருந்தான், அடி பிடித்துவிட்டதாம். கூட வேலை பார்க்கும் மூன்று பேரைக் கூப்பிட்டுப் போட்டானாம். எதற்காக இந்த விருந்து என்று அவர்கள் கேட்டபோது, கூச்சத்தை விட்டு, தன் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டானாம்.

வழக்கமாக அக்காள் கேட்பது ஒரே கேள்விதான்: “நீ சாப்பிட்டியா?” அன்று அதைக் கேட்க மறந்துவிட்டாள். தொலைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது இது:

“வந்த பிள்ளைகளுக்கு மறுசோறு போட்டியா ராசா?”