பயனில்லாத் தீங்கும் மின்கட்டணமும்



தகடூர் என்னும் பழம்பெயருடைய தருமபுரி, 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர் ஆட்சியில் சமணப் பள்ளி விளங்கிய ஊர். அம்மாவட்டத்தில் இன்று வாழும் நம் குடும்பத்தார் பங்குனி, சித்திரை வெயிலில் மின்கட்டணம் ஏறுவது கண்டு வருந்துகின்றனர். இவ்வருத்தத்திற்கு நம் ஆசாரியர்கள் முன்பே வகுத்த மருந்து அனர்த்த தண்ட விரதம்.

பயன் யாதுமின்றி உயிர்களுக்குத் தீங்கு செய்யாமையே அவ்விரதம். அது விலக்கும் ஐந்தனுள் பிரமாத சரியை ஒன்று. காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்று வீசுதல் ஆகியவற்றைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் இதனுள் அடக்கினார். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறி காற்றை வீணே வீசுவதன்றி வேறென்ன? மேல்நிலைத் தொட்டி வழிந்தோட மோட்டார் ஓடுவது நீரை வீணே இறைத்தலேயாம்.

மின்சாரமே தேயுகாய உயிரா என்று அறிஞர் வாதிடுவர். அவ்வாதத்தில் நாம் புகவில்லை. ஆயின் அண்டையிலுள்ள மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிவது நிலக்கரி. அது தீ என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நம் வீட்டுப் பொத்தான் அத்தீயோடு தொடர்புடையது.

கணக்கையும் காண்போம். 75 வாட் விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 54 யூனிட் செலவாகும். ஏறத்தாழ 30 வாட் கொள்ளும் பி.எல்.டி.சி. விசிறிக்கு 22 யூனிட் போதும். 60 வாட் குண்டு பல்பின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. தரும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைச் சற்றே தாண்டினும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குரிய குறைந்த விலை கிடையாது. சில யூனிட் கவனக்குறைவால் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலுத்த நேரும்.

கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் இல்லங்களில் இரவுச் சமையலறைக்கு விளக்கே வேண்டியதில்லை. கார்காலத்தில் விளக்கை நாடி விழுந்து மடியும் பூச்சிகளும் அதனால் பிழைக்கும்.

ஒன்றை அழுத்திக் கூறுவோம். சிக்கனத்தின் பெயரால் முதியோர் அறையில் விசிறியை நிறுத்துவது விரதமன்று, இம்சையே. அடுப்படியில் வேகும் மருமகளுக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்து, கூடத்தில் ஆளின்றித் தொலைக்காட்சியை ஓடவிடுவதும் அத்தகையதே. விரதம் முதலில் கட்டளையிடுபவரைப் பற்றட்டும்.

போகோபபோக பரிமாணமாக, இவ்விரு மாதத்திற்கு இத்தனை யூனிட் என்று குடும்பத்தார் கூடி அளவு செய்துகொள்ளலாம். வாரந்தோறும் மீட்டரின் எண்ணைப் பிள்ளைகளே படித்து, மின்கட்டண அட்டையின் ஓரத்தில் குறித்து வரட்டும்.