பிறர் வீட்டுத் தீயை அணைக்கப் போகலாமா?

தீயணைப்போர் என்றால் மாதச் சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர் என்றே நாம் எண்ணுகிறோம். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் நிலைமை வேறு. 1863 டிசம்பர் 8 அன்று அந்நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவில் ஒரு மாதாகோவில் தீப்பற்றி, உள்ளே வழிபட்டுக் கொண்டிருந்தவர்களில் சுமார் 2000 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அதே மாதம் 20-ஆம் தேதி நகரத்தார் கூடித் தொண்டர் தீயணைப்புப் படையை அமைத்தனர். இன்றும் சிலியில் தீயோடு போராடுவோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. தத்தம் பிழைப்பைப் பார்த்துக் கொண்டிருப்பவர்கள், அழைப்பு வந்ததும் ஓடி வருகிறார்கள். படைக்கு மாதச் சந்தாவும் தம் கையிலிருந்தே செலுத்துகிறார்கள்.

இதைக் கேட்டதும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "நம்மை நாமே அழிவில் போட்டுக் கொள்ளக் கூடாது என்று திருமறை தடுக்கிறதே! பிறர் வீட்டுத் தீக்காக நம் பிள்ளை உயிரைப் பணயம் வைக்கலாமா?"

அல்பகரா அத்தியாயத்தின் 195-ஆம் வசனம் அது. கான்ஸ்டாண்டிநோபிள் போர்க்களத்தில் ஒருவர் எதிரிப் படைக்குள் தனியே பாய்ந்தபோது, மக்கள் இவ்வசனத்தைச் சொல்லியே கூக்குரலிட்டனர். அங்கிருந்த ஹஜ்ரத் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்கள் திருத்தினார்கள். இஸ்லாம் வலுப்பெற்ற பின், இனி நம் சொத்துக்களைக் கவனிப்போம் என்று அன்ஸாரிகள் எண்ணிய போது இறங்கிய வசனம் அது. கடமையை விட்டுச் சொத்தோடு ஒதுங்குவதே அங்கே அழிவு எனப்பட்டது என்று விளக்கினார்கள்.

அப்படியானால் கண்ணை மூடிக் கொண்டு நெருப்பில் குதிப்பது நன்மையா? அல்ல. பயிற்சியும் கருவியும் இன்றிப் பாய்பவர், காப்பாற்றப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறார். வசனத்தின் பொதுவான எச்சரிக்கை அவருக்கும் உண்டு. ஆகவேதான் தொண்டர் முதலில் பழகுகிறார். தலைவரின் கட்டளைக்குக் கட்டுப்படுகிறார்.

தொழுது கொண்டிருப்பவர் கூட, தம்மால் காப்பாற்ற முடியுமானால், நெருப்பிலோ நீரிலோ சிக்கியவருக்காகத் தொழுகையை முறிப்பது கடமை என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஜனாஸாத் தொழுகையைப் போல இதுவும் பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால், செய்ய முடிந்தும் ஒதுங்கிய அனைவரும் குற்றவாளிகள். "யாராவது போவார்கள்" என்று எல்லோரும் இருந்துவிட்டால் அந்த "யாராவது" எங்கிருந்து வருவார்?

மகனை அனுப்பும் தாயின் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் எரியும் வீட்டுக்குள் இருப்பதும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அவர் எந்த மதத்தார் என்று தீ கேட்பதில்லை. அணைக்கப் போகிறவரும் கேட்கலாகாது. கைதட்டலுக்காகப் போனால் கைதட்டலோடு கூலி முடிந்துவிடும். அல்லாஹ்வுக்காகப் போனால், ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலத்தையே வாழ வைத்தவர் போலாவார் என்ற நற்செய்தி காத்திருக்கிறது.

அந்தத் துணிவையும் தூய எண்ணத்தையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.